பெரணிக்கு நிழல் மட்டும் போதுமா? கோடையில் தண்ணீர் குறைந்த தோட்டத்துக்கு ஓர் எளிய விளக்கம்

பெரணி வளர்ப்பது பற்றிப் பேச்சு எடுத்தால் இரண்டு கருத்துகள் தவறாமல் வரும். "பெரணியா? அதுக்கு எந்நேரமும் ஈரம் வேணும். கோடையில தண்ணி இல்லாத இடத்துல நினைச்சுக்கூடப் பார்க்காதீங்க" என்பார் ஒருவர். "நிழல் இருக்குல்ல? அப்போ வச்சுடுங்க, தானா வரும்" என்பார் இன்னொருவர். முன்னவர் பேச்சைக் கேட்டால் மரத்தடி வெறும் மண்ணாகவே கிடக்கும். பின்னவர் பேச்சைக் கேட்டு ஆசையாக நட்டால், முதல் கோடையிலேயே செடி கருகி, நட்டவருக்கு மனம் விட்டுப்போகும்.

இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால்தான் இரண்டும் இத்தனை காலமாகப் பேச்சில் நிற்கின்றன. ஆனால் உலகில் 10,000-க்கும் மேற்பட்ட பெரணி இனங்கள் இருக்கின்றன. அருவிச் சாரலை விட்டு அகலாதவையும் அவற்றில் உண்டு. பாறை வெடிப்பில் மாதக்கணக்கில் மழை காணாமல் உயிரோடிருப்பவையும் உண்டு. இத்தனையையும் ஒரே வாக்கியத்தில் அடக்கினால் குழப்பம்தான் மிஞ்சும். அதனால் நிழல் என்றால் என்ன, பெரணிக்குத் தண்ணீர் எப்போது, எதற்குத் தேவைப்படுகிறது என்று அடியிலிருந்தே பார்த்துவிடலாம்.

## குடையின் கீழே கிடைக்கும் நிழல்

குடை பிடித்து நிற்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் அவருக்கு நிழல் தருவதும் மழையில் அவரை நனையாமல் காப்பதும் ஒரே துணிதான். அடர்ந்த மரமும் அப்படி ஒரு குடை. தூறல் மழையில் பெரும்பகுதி இலைகளிலும் கிளைகளிலும் ஒட்டிக்கொண்டு அங்கேயே ஆவியாகிவிடும். கொட்டித் தீர்க்கும் மழை வந்தால்தான் அடிமண் நனையும். சுவரை ஒட்டிய இடமும், கூரை நீண்டிருக்கும் ஓரமும் இதே கதைதான்.

குடை மழையைத் தடுப்பதோடு நின்றுவிடும். மரமோ மண்ணில் இருக்கும் ஈரத்தையும் எடுத்துக்கொள்ளும். மரத்தின் வேரெல்லாம் ஆழத்தில்தான் இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில், ஏறக்குறைய முதல் 30 சென்டிமீட்டருக்குள், வலைபோலப் பரவியிருக்கும். பெரணியின் வேரும் அதே அடுக்கில்தான் இருக்கிறது. வளர்ந்த பெரிய மரம் வெப்பமான ஒரு நாளில் நூற்றுக்கணக்கான லிட்டர் நீரை இழுத்துவிடும். ஒரே தொட்டியில் ஒருவர் குடத்தால் மொள்கிறார், இன்னொருவர் கரண்டியால் மொள்கிறார் என்றால் யாருக்கு என்ன மிஞ்சும்?

இருந்தாலும் நிழலால் பலன் இல்லாமல் இல்லை. வெயிலில் போட்ட ஈரத்துணி சீக்கிரமே காய்ந்துவிடும். நிழலில் போட்டால் அரைநாள் ஆகும். நிழலில் உள்ள மண்ணும் இலையும் அப்படித்தான், மெதுவாகவே நீரை இழக்கின்றன. ஆக, மரநிழல் தண்ணீரின் செலவைக் குறைக்கிறது, வரவையும் குறைக்கிறது. வெயில் படாத, ஆனால் கோடையில் மண் வறண்டுபோகிற இடத்தை இனி 'காய்ந்த நிழல்' என்று சொல்கிறேன்.

உங்கள் இடம் எந்த வகை என்று தெரிந்துகொள்வது எளிது. கோடையின் நடுவில், கடைசி மழை பெய்து பத்து நாள் கழித்து, ஒரு விரல் ஆழம் தோண்டி, அங்கிருக்கும் மண்ணைக் கையில் எடுத்து அழுத்துங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் இருக்கிறது. பொடியாக உதிர்ந்தால் அது காய்ந்த நிழல்.

## தேரையும் தலைப்பிரட்டையும்

சரி, பெரணி என்றாலே ஈரம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? அது பிறக்கும் விதத்திலிருந்து வந்தது.

பெரணி பூக்காது, விதை வைக்காது. இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பினால் பழுப்புப் புள்ளிகள் தெரியும். அவற்றிலிருந்து மெல்லிய தூள் உதிரும். அந்தத் தூளின் ஒவ்வொரு துகளுக்கும் ஸ்போர் என்று பெயர். ஒரே செல்லால் ஆன இனப்பெருக்கத் துகள் அது. (இந்தப் புள்ளிகளைப் பூச்சி என்று எண்ணி மருந்தடிப்பவர்கள் நிறையப் பேர். புள்ளிகள் ஒரே அளவில், வரிசை தவறாமல் அமைந்திருந்தால் அவை பூச்சி இல்லை. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.)

ஸ்போர் ஈரமான இடத்தில் விழுந்தால் உடனே பெரணியாக முளைத்துவிடாது. முதலில் விரல்நகத்தைவிடச் சிறிய, பெரும்பாலும் இதய வடிவிலான ஒரு பச்சைத் தகடு உருவாகிறது. அதன் அடியில் ஆண் செல்கள் முட்டையை நோக்கி நீந்திப் போக வேண்டும். நீந்துவதற்கு மெல்லிய நீர்ப்படலமாவது வேண்டும். அந்தச் சேர்க்கை நடந்த பிறகுதான் நாம் பெரணி என்று அடையாளம் காணும் செடி எழும்புகிறது.

தலைப்பிரட்டைக்குக் குளம் இல்லாமல் முடியாது. வளர்ந்த தேரையோ குளத்தை விட்டு வெகு தூரம் வந்து, காய்ந்த தோட்டத்தில் கல்லிடுக்கில் குடியிருக்கும். பெரும்பாலான பெரணிகளின் கதையும் இப்படித்தான். காட்டில் பெரணியை ஓடைக்கரையில் அதிகம் பார்க்கிறோம் என்றால், அந்தச் சின்னத் தகட்டுக்கு அங்கே ஈரம் கிடைத்தது என்பது முக்கியக் காரணம். தொட்டியில் வாங்கிவரும் செடி அந்தப் பருவத்தைக் கடந்து வந்துவிட்டது. அதற்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பது வேறு கேள்வி. அதற்கான பதில் இனத்துக்கு இனம் மாறும்.

## இலை தண்ணீரைச் செலவழிக்கும் விதம்

இலையின் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. காற்று உள்ளே வர அவை திறந்தாக வேண்டும். திறந்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாக வெளியேறும். இதற்கு நீராவிப்போக்கு என்று பெயர். காற்றுக்காக ஜன்னலைத் திறந்தால் அறையின் குளுமையும் வெளியே போய்விடுகிறது இல்லையா, அதுபோல.

வெளியேறிய நீரை வேரிலிருந்து ஈடுகட்ட வேண்டும். பூக்கும் தாவரங்கள் பலவற்றோடு ஒப்பிட்டால் பெரணியின் நீர்க்குழாய்கள் குறுகலானவை. தண்ணீரை மெதுவாகத்தான் மேலேற்ற முடியும். மண்ணில் ஈரம் இருந்தும், அனல்காற்று வீசிய ஒரு பிற்பகலில் இலைநுனி கருகுவது இதனால்தான். நிழலில் இலை கேட்கும் நீரின் வேகம் குறைவு. மெல்லிய குழாயே போதும். பெரணியும் நிழலும் ஒத்துப்போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இலையின் தடிமனும் கணக்கில் வரும். மெல்லிய, பட்டுத்தாள் போன்ற இலையிலிருந்து நீர் சுலபமாகப் போய்விடும். தடித்த, தோல் போன்ற இலையின் மேல் மெழுகுப் பூச்சு கனமாக இருக்கும். அது உள்ளிருக்கும் ஈரத்தைக் காக்கிறது. கடையில் பெயர் எழுதாத பெரணியைப் பார்த்தால் நான் முதலில் செய்வது இலையைத் தொட்டுப் பார்ப்பதுதான். தோல்போல விறைப்பாகவோ, அடியில் ரோமமும் செதிலுமாகவோ இருந்தால் நம்பிக்கை பிறக்கும். இது முற்றிலும் பிசகாத சோதனை இல்லை, ஆனாலும் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: நிழல் வேறு, ஈரம் வேறு. பெரணியின் பிறப்புக்கு நீர்ப்படலம் வேண்டும். வளர்ந்த செடிக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. இலை எவ்வளவு தடிப்போ, அவ்வளவுக்குச் செலவு குறையும்.

## கோடையைக் கடக்க மூன்று வழிகள்

தண்ணீர் குறைந்த காலத்தைப் பெரணிகள் மூன்று விதமாகக் கடக்கின்றன. எந்தச் செடி எந்த வழியில் போகிறது என்று தெரிந்தால் கவனிப்பில் பாதித் தவறுகள் நடக்காது.

முதல் வகை, சிக்கனமாகச் செலவழிப்பவை. இவை கோடையிலும் பச்சையாக நிற்கும், ஆனால் வளர்ச்சியைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடும். சிறந்த உதாரணம் வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரக் காடுகளில் வளரும் வாள் பெரணி. தாவரவியல் பெயர் பாலிஸ்டிகம் முனிட்டம். அந்தப் பகுதியில் மழை குளிர்காலத்தில் பெய்யும், கோடை வறண்டிருக்கும். பெரிய ஊசியிலை மரங்களின் அடியில் இந்தப் பெரணி இடுப்பளவு உயரத்துக்கு நிற்கும். பழைய இலைகளை உதிர்க்காமல் அடியைச் சுற்றித் தொங்கவிட்டுக்கொள்வதால் அவையே வேர்ப்பகுதிக்குப் போர்வையாகின்றன. டிரையோப்டெரிஸ் பேரினத்தில் ஆண் பெரணி எனப்படும் டிரையோப்டெரிஸ் ஃபிலிக்ஸ்-மாஸ், சிர்டோமியம் பேரினத்தின் தோல் இலைப் பெரணிகள் ஆகியவையும் காய்ந்த நிழலுக்கு ஏற்றவை. நெஃப்ரோலெபிஸ் கார்டிஃபோலியா என்ற பெரணி மண்ணுக்கடியில் சிறு கோலிக்குண்டு போன்ற கிழங்குகளில் தண்ணீரைச் சேர்த்து வைக்கிறது. சாகாமல் தாங்கும், உண்மைதான்; ஆனால் கட்டுக்கடங்காமல் பரவும், சில நாடுகளில் அது காடுகளுக்குள் புகுந்த களை. தரையில் நடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாம் வகை, உறங்கிவிடுபவை. இவற்றைப் புரிந்துகொள்ள ஒரு சொல் தேவை. பெரும்பாலான பெரணிகளின் உண்மையான தண்டு நாம் பார்க்கும் காம்பு அல்ல; மண்ணுக்குள்ளோ மண்மேலோ கிடையாக ஓடும், இஞ்சியைப் போன்ற ஒரு பகுதி. அதற்கு மட்டநிலத்தண்டு என்று பெயர். உறங்கும் பெரணி கோடை முற்றும்போது இலைகளையெல்லாம் விட்டுவிட்டு, உயிரை இந்தத் தண்டில் அடக்கிக்கொள்ளும். மத்தியதரைக்கடல் பகுதியின் பாலிபோடியம் கேம்ப்ரிக்கம், கலிஃபோர்னியாவின் பாலிபோடியம் கலிஃபோர்னிக்கம் இரண்டும் இப்படித்தான். கோடையில் அந்த இடத்தில் செடி இருந்த தடமே தெரியாது. மழைக்காலம் தொடங்கியதும் இளம்பச்சை இலைகள் எழும்பும். முடவாட்டுக்கால் என்று தமிழில் அழைக்கப்படும் டிரைனேரியா குவர்சிஃபோலியாவும் வறண்ட பருவத்தில் பச்சை இலைகளை உதிர்த்துவிடும். அதன் அடியில் ஓக் மர இலை வடிவிலான பழுப்புத் தகடுகள் மட்டும் நிற்கும். அவை காய்ந்த குப்பை இல்லை. மேலிருந்து விழும் சருகைப் பிடித்து மக்கவைத்து, வேருக்கு உரமும் ஈரமும் சேர்ப்பது அவற்றின் வேலை. சுத்தம் செய்கிறேன் என்று அவற்றைப் பிய்த்துவிடாதீர்கள்.

உறங்கும் பெரணிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றுவது பெரும்பாலும் கெடுதல். இலை இல்லாததால் தண்டு நீரைச் செலவழிக்காது. சூடான மண்ணில் ஈரம் தேங்கினால் அழுகிவிடும். நான் முதன்முதலில் வைத்த பாலிபோடியம் இப்படித்தான் போயிற்று. இலை உதிர்ந்ததும் தாகம் என்று நினைத்து நாள்தோறும் ஊற்றினேன். மழைக்காலத்தில் தோண்டிப் பார்த்தபோது தண்டு கூழாகியிருந்தது.

மூன்றாம் வகைதான் வியப்பிலேயே பெரிய வியப்பு: முழுக்கக் காய்ந்து, மீண்டும் உயிர்ப்பவை. அமெரிக்கக் கண்டங்களில் மரக்கிளைகள் மேல் வளரும் ஒரு சின்னப் பெரணியை மறுபிறப்புப் பெரணி என்றே அழைக்கிறார்கள். பிளியோபெல்டிஸ் பேரினத்தைச் சேர்ந்தது. தன்னுள் உள்ள நீரில் 95 விழுக்காட்டுக்கும் மேல் இழந்தாலும் சாகாது. இலை சுருண்டு, பழுத்து, நொறுங்கும் சருகுபோலக் கிடக்கும். மழை பெய்தால் ஏறக்குறைய ஒரு நாளில் விரிந்து பச்சையாகிவிடும். ஐரோப்பாவின் பழைய கற்சுவர்களில் வளரும் ஆஸ்பிளீனியம் செட்டராக்கும் இதே திறமையுள்ளது. அதன் இலையின் அடிப்பக்கம் முழுக்கப் பழுப்புச் செதில். காயும்போது இலை உட்புறமாகச் சுருண்டு செதில் பக்கத்தை வெளியே காட்டும். இந்த வகைக்குப் பாறை இடுக்கும் நல்ல வடிகாலும் வேண்டும். இவற்றில் பல, குறிப்பாகக் கெய்லாந்தெஸ் போன்ற ரோமப் பெரணிகள், அடர்நிழலில் நலிந்துபோகும். 'வறட்சிப் பெரணி' என்று சொன்னார்களே என்று இவற்றை மரத்தடி இருட்டில் கொண்டுபோய் நடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

மரத்தடிக்கு என்றால் நான் முதல் வகையைத்தான் எடுப்பேன். கோடையில் ஒரு சொட்டுகூட ஊற்ற முடியாது என்பவருக்கு இரண்டாம் வகை. கற்சுவரும் பாறையும் இருந்தால் மூன்றாம் வகை. அடியாண்டம் என்ற மென்னிலைப் பெரணிகள், ஆஸ்முண்டா, மரப் பெரணிகள் இவற்றையெல்லாம் தண்ணீர் தடையின்றிக் கிடைக்கும் இடத்துக்கு விட்டுவிடலாம்.

## 'வறட்சியைத் தாங்கும்' என்றால்

செடியோடு வரும் சீட்டில் இந்தச் சொல் இருக்கும். இதை நம்பி நட்ட மறுநாளிலிருந்தே தண்ணீரை நிறுத்துகிறவர்கள் உண்டு. அந்தச் சொல் வேர் பிடித்த செடிக்கு மட்டுமே பொருந்தும். தொட்டியிலிருந்து எடுத்த செடியின் வேர் தொட்டியின் அளவுக்குத்தான் இருக்கிறது. சுற்றியுள்ள மண்ணில் ஈரம் இருந்தாலும் எட்டாது. வேர் வெளியே பரவி நிலைக்க இரண்டு கோடையாவது ஆகும், மரவேர் அடர்ந்த இடத்தில் மூன்றும் ஆகலாம். அதுவரை எந்த இனமாக இருந்தாலும் அது கைக்குழந்தை.

## நடுவது

மழைக்காலம் தொடங்கும்போது நடுங்கள். வேர் பரவ முழு மழைக்காலமும் கிடைக்கும். கோடைக்கு ஒரு மாதம் முன்பு நட்டால் தோல்வியை நாமே வரவழைத்துக்கொள்கிறோம். சிறிய செடியை வாங்குவது நல்லது. வேர்களுக்கிடையே சின்னக் குழி போதும், மரமும் காயப்படாது. மரத்தடியைக் கொத்திப் புரட்டவோ, மேலே ஓர் அடி மண் கொட்டி மேடாக்கவோ வேண்டாம். மண்மேடு மரவேரை மூச்சுத் திணறச் செய்யும், அப்புறம் அந்த மரவேரே புது மண்ணுக்குள் ஏறி வந்து பெரணியோடு போட்டியிடும்.

மட்டநிலத்தண்டின் வளரும் நுனி, அதாவது குருத்துகள் சுருண்டு எழும் இடம், மண்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். புதைத்தால் அழுகும். படரும் வகைகளின் தண்டை மண்மேல் கிடத்தி ஒரு கல்லால் அமுக்கி வைத்தாலே போதும்.

ஒரு பெரிய கல்லின் ஓரத்தைத் தேடி நடுங்கள். கல்லின் மேல் விழும் மழை வழிந்து அதன் காலடியில் சேரும். கல்லுக்கு அடியிலுள்ள மண் கடைசியில்தான் காயும். கோடையில் ஏதாவது ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பிறகு மூடாக்கு. மண் காயாமலிருக்க அதன்மேல் பரப்பும் சருகு, மக்கிய இலை போன்ற போர்வைக்கு அந்தப் பெயர். 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, குருத்தை மட்டும் மூடாமல் விடுங்கள். மரம் உதிர்க்கும் இலையைக் கூட்டி அள்ளாமல் விட்டாலே பெரும்பாலும் இது தானாக நடக்கும். தனியாக உரமும் அதிகம் தேவைப்படாது. பெரணியின் பழைய இலைகளையும் கோடை முடியும்வரை வெட்டாதீர்கள். புதுக் குருத்து எழும்பும்போது வெட்டிக்கொள்ளலாம்.

## ஊற்றுவது, தெளிப்பது

நாள்தோறும் ஒரு குவளை ஊற்றுவதைவிட வாரம் ஒருமுறை ஒரு வாளி நல்லது. கொஞ்சமாக ஊற்றினால் மேலே ஓரிரு விரல் ஆழம் மட்டும் நனையும், வேரும் அங்கேயே தங்கிவிடும், ஒரே நாள் வெயிலில் காயும். நின்று நிதானமாக, ஒரு சாண் ஆழத்துக்கு இறங்கும்படி ஊற்ற வேண்டும். உறங்கும் வகைகளைத் தவிர மற்றவற்றுக்கு முதல் கோடையில் வாரம் ஒருமுறை, இரண்டாம் கோடையில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, அதன்பின் மாதம் ஒருமுறை அல்லது செடி கேட்கும்போது. இது தொடங்குவதற்கான அளவுதான். மணல் மண்ணுக்கு இடைவெளி குறையும், களிமண்ணுக்குக் கூடும். நடுப்பகலில் இலை துவண்டு மாலையில் நிமிர்ந்தால் கவலை வேண்டாம். காலையிலும் துவண்டே இருந்தால் அன்றே ஊற்றுங்கள்.

இலைமேல் தண்ணீர் தெளிப்பது பலருக்குப் பிடித்த வேலை. சில நிமிடங்களில் அது காய்ந்துவிடும், வேருக்கு ஒன்றும் போய்ச்சேராது. முன்பு சொன்ன வாள் பெரணி கடலோரப் பனிமூட்டத்தின் ஈரத்தை இலை வழியாகவே உறிஞ்சிக்கொள்கிறது என்பது ஆய்வில் தெரிந்த உண்மை. ஆனால் அந்த மூட்டம் மணிக்கணக்கில் இலையை நனைத்தபடியே இருக்கும். கையால் தெளிக்கும் தெளிப்பானை அதற்கு ஈடாக வைக்க முடியாது. அந்த நேரத்தையும் தண்ணீரையும் மண்ணுக்குக் கொடுங்கள்.

## பிடுங்குவதற்கு முன்

கோடை முடிவில் பெரணி முழுக்கப் பழுப்பாகி நின்றால் உடனே பிடுங்கிவிடாதீர்கள். மூடாக்கை விலக்கி மட்டநிலத்தண்டை விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருக்கிறதா? நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சையோ வெண்மையோ தெரிகிறதா? அப்படியானால் உயிர் இருக்கிறது. அழுத்தினால் பஞ்சுபோல அமுங்கினாலோ, உள்ளே கருத்து நாறினாலோதான் செத்துவிட்டது என்று பொருள். கெட்டியாக இருந்தால் மூடாக்கைத் திரும்பப் பரப்பிவிட்டு, முதல் நல்ல மழைக்குப் பிறகு நாலைந்து வாரம் பொறுங்கள். சருகுக்கு நடுவில், பழுப்பு ரோமம் போர்த்திய சின்னச் சுருள் ஒன்று தலை தூக்கியிருக்கலாம்.